மாசி பத்து, அனுஷம்

எங்கள் அச்சகத்தில் பெயரைத் தலை என்றும் அதன் கீழே வரும் வரியை வால் என்றும் சொல்வார்கள். தினசரி காலண்டரில் தேதிக்கு அடியில், ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் முடிந்த பிறகு, பொடி எழுத்தில் ஒரு செய்தி இருக்கும். இன்ன சுவாமிகள் அவதரித்த நாள், இன்ன அடிகள் பட்டம் ஏற்ற நாள், இன்ன மகான் முக்தி அடைந்த நாள் என்று. சுவாமிகளின் பெயர் தலை. மீதி வால்.

வால் மூன்று விதம்தான். மூன்றையும் மொத்தமாக அச்சடித்து, கத்தரித்துத் தனித்தனியாகப் போட்டு வைத்திருந்தோம். அவதாரம் ஹார்லிக்ஸ் பாட்டிலில். பட்டம் பல்பொடி டப்பாவில். முக்தி மட்டும் பெரிய பிஸ்கட் டின்னில், ஏனென்றால் அதுதான் நிறைய செலவாகும்.

ஒட்டுவது என் வேலை. மகான்களின் நாட்கள் நட்சத்திரத்தைப் பார்த்து வருவதால் வருடா வருடம் தேதி மாறும். பஞ்சாங்கம் பார்த்துத் தேதி குறித்துக் கொடுக்க மயிலாப்பூரிலிருந்து பத்ரிநாராயணன் மாமா வருவார். அவர் குறித்த தேதிப் பக்கத்தில் நான் மைதாப் பசை தடவித் தலையை ஒட்டி, கீழே வாலை ஒட்டுவேன். அதைப் பார்த்து எழுத்துக் கோப்பார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் என்னைப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். மூன்று நாள் தொடர்ந்து எழுந்து நின்றேன். வாயைத் திறக்க முடியவில்லை. நான்காம் நாள் பள்ளிக்குப் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. தி.நகரில் பனகல் பார்க்குக்குப் பின்னால் இருக்கும் இந்த அச்சகத்தில் பேசுகிற வேலை எதுவும் கிடையாது என்று யாரிடமோ கேட்டு வந்து அம்மாதான் சேர்த்துவிட்டாள்.

1995ஆம் வருடத்துக் காலண்டரை 1994 ஆகஸ்டில் ஒட்டினோம். மடங்களிலிருந்து தபால் கார்டுகள் வந்து குவியும் மாதம் அது. ஒரு நாள் மாமா என்னிடம் ஒரு கார்டைத் தள்ளினார். மயிலாப்பூர் பூவரசந்தோட்ட மடம். ‘எங்கள் குருமகாசந்நிதானம் பொன்னம்பல ஞானியடிகள் அவர்களின் திருநட்சத்திரம் மாசி அனுஷம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. பக்கத்தில் மாமா பென்சிலால் ‘பிப். 22, புதன்’ என்று குறித்திருந்தார்.

எந்த வால் என்று கார்டில் இல்லை. நான் கேட்டிருக்க வேண்டும். மாமா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. அன்று காலையிலிருந்து நான் ஒட்டிய பதினேழு பேரும் இறந்து போனவர்கள். காலண்டரில் வருகிறவர்கள் எல்லோருமே இறந்தவர்கள்தான் என்ற நினைப்பு எப்படியோ எனக்குள் வந்துவிட்டிருந்தது. பிஸ்கட் டின் திறந்தே கிடந்தது. ஒரு வாலை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த கார்டுக்குப் போனேன்.

*

அம்மா பெயர் பாஞ்சாலி. மயிலாப்பூர் கால்வாய்க் கரையில், பறக்கும் ரயிலுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் குடிசை. ஐப்பசியில் அவளுக்குப் பூவரசந்தோட்ட மடத்தில் பெருக்கும் வேலை கிடைத்தது. நான்கு தெரு தள்ளித்தான் மடம். சம்பளத்தோடு மத்தியானம் கேரியரில் சாப்பாடும் கொடுத்து அனுப்புவார்கள்.

டிசம்பரில் அச்சகத்தில் ஆளுக்கு இரண்டு காலண்டர் கொடுத்தார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. காலையில் எழுந்ததும் பழைய தாளைக் கிழித்துவிட்டு, “இன்னிக்கு இன்னா போட்டுக்கீது?” என்பாள். நான் தலையிலிருந்து வால் வரைக்கும் படிக்க வேண்டும். அம்மா முன்னால் மட்டும் எனக்குச் சத்தமாகப் படிக்க வரும். இரண்டாவது காலண்டரை அவள் மடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சமையல்கட்டுச் சுவரில் தானே ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தாள். சோறு போடுகிறவர்களுக்கு நம்மால் ஆனது என்றாள்.

ஜனவரி இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம். எனக்கு அன்று வேலை இல்லை. அம்மா மடத்திலிருந்து வந்து கேரியரை இறக்கினாள். வழக்கமாக இரண்டு அடுக்கு வரும். அன்று மூன்று.

“இன்னாம்மா, இவ்ளோ கீது?”

“சாமி சோத்த நிறுத்திட்டாருடி. அவரு பங்கையும் நமக்கே போட்டுட்டாரு சமையக்கார அண்ணன்.”

“ஒடம்பு சரியில்லியா?”

“ஒடம்புக்கு இன்னா, கல்லு மாதிரி கீறாரு. எம்பத்தி ரெண்டு வயசுல காலைல தோட்டத்துல நடந்துகினு இருந்தாரு. நீ துன்னு, சொல்றேன்.”

நெய் விட்டுப் பிசைந்த சோறு. பசியோடு இருந்தேன். நான் பாதி சாப்பிட்ட பிறகுதான் அம்மா சொன்னாள். சமையல்காரர் பஞ்சாட்சரம் சிவராத்திரி என்றைக்கு வருகிறது என்று பார்ப்பதற்காக மாசி மாதத் தாள்களைப் புரட்டியிருக்கிறார். ஒரு தாளில் சுவாமியின் பெயர். அதன் கீழே முக்தி. அலறிக்கொண்டு போய்க் காரியஸ்தர் தங்கவேலிடம் காட்ட, அவர் அச்சகத்துக்காரன் மேல் கேஸ் போடுகிறேன் என்று குதித்திருக்கிறார். சத்தம் கேட்டுச் சுவாமி வாங்கிப் பார்த்தாராம். பூதக்கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தாராம்.

“பாத்துட்டு, ‘உத்தரவு வந்துடுச்சு’ன்னு சொல்லிச் சிரிச்சாராம். அந்தத் தாள மடிச்சு இடுப்புல சொருகிக்கினாரு. அப்பலேர்ந்து சோறு இல்ல.” அம்மா குரலில் பயத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. “நான் மாட்டுன காலண்டருடி அது.”

கையைக் கழுவாமலேயே எழுந்து போய் எங்கள் சுவரில் இருந்த காலண்டரைப் புரட்டினேன். பிப்ரவரி 22. புதன். மாசி 10. தேய்பிறை அஷ்டமி. அனுஷம். கடைசி வரியைப் படித்தபோது பிஸ்கட் டின்னின் மூடியை எந்தப் பக்கம் வைத்திருந்தேன் என்பதுகூட ஞாபகம் வந்தது.

“இன்னாடி?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்ல.”

*

மறுநாள் அச்சகத்தில் மாமாவின் மேஜை முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கக் கொஞ்ச நேரம் ஆனது. நான் காலண்டர் தாளையும் தபால் கார்டையும் வைத்தேன். கார்டுகளை ஒரு வருடம் கட்டி வைத்திருப்போம்.

மாமா இரண்டையும் படித்தார். முகம் வெளுத்தது. புரூஃப் பார்த்தவர் அவர்தான். ஆனால் அவர் பார்ப்பது திதியும் நட்சத்திரமும் மட்டுமே. வாலைப் பார்ப்பதில்லை.

“யார்ட்டயாவது சொன்னியா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“அவர் சோறு சாப்பிடலை, மாமா,” என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

“இரு, பார்ப்போம்,” என்று கார்டை என்னிடமே கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டார். ஒரு தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தார். முகத்தில் பழைய நிறம் வந்துவிட்டிருந்தது.

“மடத்துல தெரிஞ்சவாகிட்ட அவரோட ஜாதகத்தைக் கேட்டு வாங்கிண்டு வந்தேன். ராத்திரி பூரா உக்காந்துண்டு போட்டேன். இங்க பாரு, எட்டுல சனி. தசை மாறற காலம். அந்த நாள் சரியாத்தான் வரது, கயல்.”

“நான் தப்பா ஒட்டிட்டேன், மாமா.”

“நீ ஒட்டலை. ஒன் கையைப் புடிச்சு ஒட்ட வெச்சிருக்கு.”

அவர் ஏமாற்றவில்லை. நம்பித்தான் சொன்னார்.

முதலாளி புகழேந்தி அண்ணனுக்கும் விஷயம் போய்விட்டது. அவர் அப்பா கறுப்புச் சட்டைக்காரர், சாமி கும்பிடாதவர். மகன் சாமி காலண்டர் போட்டுப் பிழைக்கிறார் என்று அச்சகத்தில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

“இந்தா பாரு, பாப்பா,” என்றார். “நாலு மாசம் முன்னாடி கடைக்கெல்லாம் போன சரக்கு. வீட்டுக்கு வீடு தொங்குது. எத்தனை செவுத்துல ஏறிக் கிழிப்ப? பெரியவரு ரெண்டு நாள் பட்டினி கெடப்பாரு, அப்புறம் பசி வந்தா சாப்புடுவாரு. சாமியாருன்னா வயிறு இல்லியா?”

“கேஸு கீஸு போட்டா?” என்று எழுத்துக் கோக்கிற ஒருவர் கேட்டார்.

“போட்டா மாமாவைக் காட்டிடுவேன். குடுமி இருந்தா கோர்ட்ல நம்புவாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாகூடச் சிரித்தார்.

*

பெரியவர் சாப்பிடவில்லை. தை அமாவாசையிலிருந்து பழம் நின்றது. எங்கள் கேரியரில் மலை வாழைப்பழம் வந்தது, உரித்த மாதுளை வந்தது. மாசி பிறந்த அன்று பாலும் நின்றது. சமையல்காரர் பாலைக் கொட்ட மனமில்லாமல் தூக்கில் ஊற்றி அம்மாவிடம் கொடுத்தார். ஏலக்காய் போட்டுக் காய்ச்சிய பால். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள், பாஞ்சாலி வீட்டில் தினம் விருந்து என்று சொன்னார்கள். என் கன்னம்கூடக் கொஞ்சம் உப்பிவிட்டது. நான் வேண்டாம் என்று சொன்ன நாட்களில் அம்மா அடித்தாள். சாமி வீட்டுச் சோற்றைத் தள்ளக் கூடாது என்றாள்.

அவள் கொண்டுவரும் செய்திகள் மாறிக்கொண்டே வந்தன. முதலில் பத்துப் பேர் பார்க்க வந்தார்கள். அப்புறம் அடையாறிலிருந்தும் மாம்பலத்திலிருந்தும் கார்கள் வந்தன. ஒவ்வொரு வீட்டிலும் அதே காலண்டர் இருந்தது. ஒவ்வொருவரும் தாங்கள்தான் முதலில் பார்த்ததாகச் சொன்னார்கள். தோட்டத்தில் பூவரச மரங்களுக்கு நடுவே கொத்தனார் கயிறு பிடித்து அளந்தார். மடாதிபதிகளை எரிப்பதில்லை, உட்கார வைத்து மண்ணுக்குள் இறக்குவார்கள்.

“இன்னும் உசுரோட கீறாரு, அதுக்குள்ள குழியா?” என்று கேட்டேன்.

“சாமியே எடம் காட்னாராம். தங்கவேலு ஐயா சொன்னாரு.” அம்மா கேரியர் அடுக்குகளைக் கழற்றிக்கொண்டே, “சாமி சொல்லி நான் கேக்கல,” என்றாள்.

பிப்ரவரி பதினேழாம் தேதி தங்கவேல் அச்சகத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மெதுவான பேச்சு. கேஸ் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. இரண்டாயிரம் நோட்டீஸ் வேண்டும் என்றார். கையால் எழுதிய தாளை நீட்டினார். புகழேந்தி அண்ணன் படித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“முக்திப் பெருவிழா, மாசி பத்து, புதன்கிழமை. அன்னதானம்...” அண்ணன் நிறுத்தினார். “ஐயா, அவரு இன்னும்...”

“நீங்கதானே மொதல்ல போட்டீங்க,” என்றார் தங்கவேல்.

அண்ணன் தாளை மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“அவருக்கு அடுத்து யாரு, ஐயா?” என்று அண்ணன் கேட்டார்.

“எங்க அக்கா மகன். பத்து வருஷமா மடத்துல இருக்கான். அவன் பட்டம் ஏத்துக்கறதுக்குத் தனியா நோட்டீஸ் போடணும். அதையும் உங்ககிட்டயே குடுக்கறேன்.”

அவர் போன பிறகு அண்ணன் அந்தத் தாளை என் மேஜையில் வைத்தார். “ஒட்டும்மா,” என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மூடினேன். அன்று எனக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வரும்போது மூன்று வால்களும் அந்தத் தபால் கார்டும் என்னிடம் இருந்தன.

*

மூன்று நாள் பஸ் ஏறாமல் குடிசையிலேயே கிடந்தேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி எழுதிப் பார்த்தேன். எழுதினால் சரியாக வந்தது. சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் முதல் வார்த்தைக்கு மேல் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அம்மா துடைப்பத்தை எடுத்தபோது, “நானும் வரேன்,” என்றேன்.

“பள்ளிக்கூடத்துக்கே போவாதவ, அங்க எத்தினி ஜனம் கீது தெரியுமா?”

“தண்ணி தூக்கறேன்.”

அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. சரி என்றாள்.

மடத்து வாசலில் வரிசை தெருக்கோடி வரைக்கும் நின்றது. நாங்கள் பின்பக்கச் சந்து வழியாக நுழைந்தோம். பூவரச மரங்களுக்கு அடியில் குழி தயாராக இருந்தது. செங்கல் கட்டிப் பூசி, உள்ளே உட்காரப் பீடம்கூட வைத்துவிட்டார்கள். பக்கத்தில் உப்பு மூட்டைகள், திருநீற்று மூட்டைகள், கோணியில் வில்வம். தோண்டிய மண் நடைபாதையில் சிந்தியிருந்தது. அதைப் பெருக்குவதுதான் அன்று அம்மாவின் வேலை.

சுவாமி பின்கூடத்தில் ஒரு மரப்பலகையில் சாய்ந்திருந்தார். இரண்டு தலையணைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். வரிசையில் வந்தவர்கள் கூடத்தின் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். தங்கவேல் அவர் தலைமாட்டில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். நான் குடத்தோடு தூணுக்குப் பின்னால் நின்றேன். அரைமணி நேரம் நின்றிருப்பேன். யாரோ பெரிய மனிதர் காரில் வந்திருப்பதாகச் சொன்னார்கள். தங்கவேல் விசிறியைப் பலகையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். கம்பிக் கதவுக்குத் திரை போட்டுவிட்டுப் போனார்.

குடத்தை வைத்துவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கண் திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. இடுப்பில் மடித்துச் செருகிய காலண்டர் தாளின் ஓரம் தெரிந்தது.

நான் மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. கார்டை அவர் கையில் வைத்தேன். அதன் மேல் மூன்று வால்களையும் வரிசையாக வைத்தேன். அவதரித்த நாள். பட்டம் ஏற்ற நாள். முக்தி அடைந்த நாள்.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இது நம்ம மடத்துக் கார்டு,” என்றார். குரல் காற்று மாதிரி இருந்தது. “இதெல்லாம் என்னம்மா?”

“வாலு, சாமி.”

“வாலா?”

“பேருக்குக் கீழ ஒட்டறது. நான்தான் ஒட்டுவேன். கார்டுல நட்சத்திரம் மட்டும்தான் இருந்துச்சு. எதுக்குன்னு இல்ல. அன்னிக்கு எல்லாரும் செத்தவங்க. நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது, சாமி. தப்பா ஒட்டிட்டேன்.”

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் இடுப்பிலிருந்த தாளை எடுத்துப் பிரித்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. அதையும் கார்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“மாசி அனுஷம் நான் பொறந்த நாளும்மா,” என்றார். “இதை எங்கேர்ந்து எடுத்தே?”

“பிஸ்கட் டின்லேர்ந்து.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் ஆனது. நான் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டேன். எலும்பு தட்டுப்பட்டது.

“இருபது வருஷமா எனக்கு எப்போன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். பதில் வந்துட்டுதுன்னு நெனச்சேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். அப்புறம் முகம் ஒரு குழந்தையுடையது போல மாறியது. “பசிக்குதும்மா. இத்தனை நாளும் பசிச்சுது. உத்தரவாச்சேன்னு பொறுத்துக்கிட்டேன். உப்புப் போட்டுக் கொஞ்சம் கஞ்சி கொண்டுவரச் சொல்லு.”

திரும்பினேன். அம்மா துடைப்பத்தோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியாது. என்னை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டுச் சமையல்கட்டுக்கு ஓடினாள்.

*

கஞ்சி கொதிப்பதற்குள் தங்கவேல் தன் அக்கா மகனோடு வந்துவிட்டார்.

“தங்கவேலு,” என்றார் சுவாமி, “கஞ்சி வருது.”

தங்கவேல் குனிந்து சுவாமி மடியில் கிடந்தவற்றைப் பார்த்தார். கார்டையும் வால்களையும் காலண்டர் தாளையும் ஒன்று விடாமல் பொறுக்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அப்புறம் சுவாமியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். கம்பிக் கதவுக்குப் போய்த் திரையை விலக்கி, வெளியே நின்றவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

“சுவாமிகள் மௌனத்துல இறங்கிட்டாங்க. இனிமே தரிசனம் இல்லை. எல்லாரும் பாடுங்க.”

பாட்டுக் கிளம்பியது. அதற்குள் அவர் திரையை மூடி, என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து, கூடத்துக் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார். உள்ளே சுவாமியோடு அந்த அக்கா மகன் மட்டும் இருந்தார்.

“பாஞ்சாலி மகளா நீ? எந்த எடம்?”

நான் பூட்டைப் பார்த்தேன்.

“கால்வாய்க் கரைதானே. ரயிலுக்கு எடுக்கற குடிசைக்கெல்லாம் நம்பர் போட்டுட்டாங்களா? போட்டா வந்து சொல்லு. நமக்கு ஆள் இருக்கு, எடுக்காம வெக்கறதுக்கும் எடுக்கறதுக்கும்.” அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை.

அம்மா தூக்கில் கஞ்சியோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் பஞ்சாட்சரம் தம்ளரோடு வந்தார்.

“சாமி கேட்டாரு, ஐயா,” என்றாள் அம்மா.

“கேப்பாரு. கடைசி நேரத்துல ஒடம்பு எதையாவது கேக்கும். நாமதான் அவரு விரதத்தைக் காப்பாத்தணும்.” தங்கவேல் வாசல் பக்கம் கையைக் காட்டினார். “வெளியே எத்தனை பேர் நிக்கறாங்க பாரு. ஊர் ஊரா வந்திருக்காங்க. சாமி கஞ்சி குடிச்சிட்டாரு, எல்லாரும் போங்கன்னு நீ போய்ச் சொல்றியா? அண்ணே, நீங்க சொல்றீங்களா?”

பஞ்சாட்சரம் தரையைப் பார்த்தார். தம்ளரை இடுப்பு வேட்டியில் துடைத்துக்கொண்டே சமையல்கட்டுக்குத் திரும்பிப் போனார்.

அம்மா போகவில்லை. பூட்டிய கதவுக்கு எதிரே தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, “போ,” என்றாள். “போய் வெளிய சொல்லு. ஒனக்குத்தான் தெரியும்.”

முன்வாசலுக்கு ஓடினேன். முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோரும் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் போய் நின்றேன். பள்ளியில் நின்ற மாதிரிதான் நின்றேன். ஒரு வயதான அம்மாள் என் கையைப் பிடித்தாள்.

“உள்ளேர்ந்தா வரே? சாமி எதுவும் சொன்னாரா, கண்ணு?”

“பசிக்குதுன்னு சொன்னாரு,” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அவள் கண்ணில் நீர் முட்டியது. பக்கத்திலிருந்தவளிடம் திரும்பி, “பசிக்குதுன்னாராம். ஈசனடி சேரப் பசி,” என்றாள். அது வரிசை நெடுகப் போனது. பசி, பசி என்று சொல்லிக்கொண்டு கும்பிட்டார்கள். ஒருவர் தேம்பி அழுதார். நான் இன்னொரு முறை சொன்னேன். “கஞ்சி கேக்கறாரு. கதவைப் பூட்டிட்டாங்க.” பாட்டுச் சத்தத்தில் அது என் காதுக்கே எட்டவில்லை.

மத்தியானம் மூன்று மணி வரைக்கும் அம்மா கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து ஒருமுறை பலகை கிரீச்சிடும் சத்தம் கேட்டதாம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. தங்கவேல் வந்து, நாளைக்குக் கூட்டம் அதிகம், காலையில் வர வேண்டாம் என்று சொல்லி அவளை எழுப்பி அனுப்பினார். சமையல்கட்டில் யாரும் இல்லை. எங்கள் கேரியர் காலியாக இருந்தது. அம்மா கஞ்சியைக் கேரியரின் கீழ் அடுக்கில் ஊற்றி மூடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அதை இருவரும் தொடவில்லை.

*

புதன்கிழமை அம்மா எழுந்து முகம் கழுவினாள். தலை வாரினாள். முதல் நாள் தாளைக் கிழிக்கவில்லை, இன்றைக்கு என்ன போட்டிருக்கிறது என்று கேட்கவில்லை. கேரியரைத் திறந்து பார்த்தாள். கஞ்சியின் மேல் ஆடை கட்டியிருந்தது. மறுபடி மூடி வைத்தாள். வேலைக்குப் போகாமல் இருவரும் கேரியருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம். ரயில் தூணுக்குக் கம்பி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு மேல் அந்தச் சத்தம் நின்றது. நான்கு தெரு தாண்டிச் சங்கு ஊதினார்கள். விடாமல் ஊதினார்கள். கால்வாய்க் கரையில் இருந்த பெண்களெல்லாம் வெளியே வந்து அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். சொன்ன நாள், சொன்ன மாதிரியே என்று யாரோ சொன்னார்கள்.

அம்மா எழுந்து போய் காலண்டரில் முதல் நாள் தாளைக் கிழித்தாள்.

“படி,” என்றாள்.

“வேணாம்மா.”

“படிடி.”

படித்தேன். பிப்ரவரி இருபத்திரண்டு, புதன்கிழமை. பவ வருடம், மாசி பத்து. தேய்பிறை அஷ்டமி. அனுஷம். ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. எமகண்டம் ஏழரையிலிருந்து ஒன்பது. சூலம் வடக்கு. அதோடு நிறுத்தினேன்.

“இன்னும் ஒரு வரி கீதுல்ல,” என்றாள் அம்மா. கேரியரின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். “அதையும் படி.”

படித்தேன்.